சுக்காவில் ஒரு ராத்திரி: மூக்கன் குரங்கு நிச்சயம், யானை அதிர்ஷ்டம்

மலேசியாவின் சபா மாநிலத்துச் சுற்றுலா விளம்பரம் எதைப் புரட்டினாலும் ஆற்றங்கரையில் பிக்மி யானைக் கூட்டம் நிற்கும். கினபத்தாங்கான் ஆற்றோரம் சுக்காவ் கிராமத்தில் ஒரு ராத்திரி தங்கும் பேக்கேஜை அந்தப் படத்தைப் பார்த்து வாங்கினால் முகம் தொங்கிப்போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கும். ஒரு ராத்திரிக்கு நம்பி வரக்கூடியது மூக்கன் குரங்கு.

எந்த லாட்ஜானாலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். சண்டாக்கான் நகரிலோ, ஓராங் ஊத்தான் மறுவாழ்வு மையம் உள்ள செப்பிலோக்கிலோ மதியம் வேன் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் சுக்காவ். 4 மணிக்கு மாலைப் படகு, சாப்பாடு, இரவுப் படகு, காலை 6 மணிக்கு இன்னொரு படகு, பசியாறல், மறுபடி வேன். இரவுப் படகுக்குப் பல இடங்களில் தனிக்காசு. முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளவும்.

கோலாலம்பூர்க்காரர்கள் ஏமாறுவது நேரத்தில். கடிகாரம் ஒன்றுதான் என்றாலும் சபா கிழக்கே தள்ளி இருப்பதால் 6 மணிக்கெல்லாம் அங்கே சூரியன் இறங்கிவிடும். 7 மணிவரை வெளிச்சம் இருக்கும் என்ற கணக்கு செல்லாது. விமானம் தாமதமாகி, வேன் முக்கால் மணி நேரம் பிந்தினால் மாலைச் சவாரியில் பாதி போயிற்று. முந்தைய இரவே சண்டாக்கானில் இறங்கிவிடுவது நல்லது. திரும்பும் விமானத்தையும் மதியம் 2 மணிக்கு முன்னால் போடாதீர்கள்.

மூன்று சவாரியில் காசுக்கு மதிப்பானது மாலைச் சவாரி. மூக்கன் குரங்குகள் பகலில் காட்டுக்குள் மேய்ந்துவிட்டு, தூங்குவதற்கு ஆற்றோர மரத்துக்கே வரும். மெனாங்குல் கிளையாற்றில் அகலம் குறைவு. இரண்டு கரையும் பக்கத்தில் தெரியும். எஞ்சினை அணைத்ததும் முதலில் கிளை முறியும் சத்தம், பிறகு மூக்கடைத்தவர் இருமுவதுபோல ஒரு குரல். ஆணுக்கு வாயை மறைக்கும் தொங்கு மூக்கும் தொப்பையும். பெண்ணுக்கு மேல்நோக்கிய சின்ன மூக்கு. மலாய்க்காரர்கள் வைத்த பெயர் ‘மொன்யெட் பெலண்டா’, டச்சுக்காரக் குரங்கு. பெயர்க்காரணம் கேட்கவே வேண்டாம். சங்கடம் என்னவென்றால், எல்லா லாட்ஜ் படகும் ஒரே மரத்தடியில் வந்து நெருக்கும். அந்தக் கூட்டத்தைத் தாண்டி மேலே போகச் சொல்லுங்கள், நல்ல கைடு மறுக்கமாட்டார்.

யானைக் கூட்டம் ஆற்றோரமாக மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருக்கும். தொலைவில் இருந்தால் பெட்ரோலுக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். “இன்று காலை பார்த்தோம்” என்றால் கொடுக்கலாம். “நேற்று இருந்தது” என்றால் வேண்டாம். ஓராங் ஊத்தானும் இப்படித்தான். அத்திமரம் பழுத்திருந்தால் வாய்ப்பு, இல்லாவிட்டால் காலியான கூட்டைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். இரண்டாவது ராத்திரியைச் சேர்த்தால் கூடுதலாக இரண்டு மூன்று சவாரி கிடைக்கும். யானையும் ஓராங் ஊத்தானும்தான் ஆசை என்றால் அந்தச் செலவுக்குத் தயங்கவேண்டாம்.

இத்தனை விலங்கு கரையிலேயே தெரிவதன் காரணம் வேன் ஜன்னலில் வழிநெடுக ஓடும் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம். இந்த ஆற்றோரத்தில் 2005இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயம் சுமார் 26,000 ஹெக்டேர். அதுவும் துண்டு துண்டாக. பின்னால் தோட்டம் நெருக்குவதால் விலங்குகள் ஆற்றோரப் பட்டையில் ஒடுங்கிக் கிடக்கின்றன.

இரவுச் சவாரியில் முதலைக் கண்ணின் சிவப்பு மினுக்கமும், கிளையில் உருண்டையாகத் தூங்கும் மீன்கொத்தியும் கிடைக்கும். டார்ச் அடித்தாலும் மீன்கொத்தி அசையாது என்பதற்காகக் கைக்கெட்டும் தூரம்வரை படகை ஓட்டுகிறார்கள்; ஃபிளாஷ் வேறு போடாதீர்கள். மழை வந்தால் இந்தச் சவாரி ரத்தாகலாம். பணம் திரும்புமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வழியில் கொமந்தோங் குகையைச் சேர்த்து விற்பார்கள். வௌவால் கூட்டம் வெளியேறுவது மாலையில், அப்போது நீங்கள் படகில் இருப்பீர்கள். நடுப்பகலில் போனால் மிஞ்சுவது அண்ணாந்து பார்க்க உழவாரன் குருவிக் கூடுகள், மூச்சை அடைக்கும் எச்ச நாற்றம், கரப்பான் ஊரும் கைப்பிடி. தொப்பி போடுங்கள், கைப்பிடியைத் தொடாதீர்கள். குகையில் தனி ஆர்வம் இல்லாதவர்கள் அந்த நேரத்தை செப்பிலோக்கில் கழிக்கலாம்.

சைவக்காரர்கள் ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சி இல்லாத கங்கோங் கீரையிலும் சம்பால் மிளகாய் விழுதிலும் பெலாச்சான் என்னும் இறால் விழுது இருக்கும். “பெலாச்சான், நெத்திலி இரண்டும் வேண்டாம்” என்று பதியும்போதே எழுதி அனுப்புங்கள்.

பைனாகுலர் 8x42 போதும். 12 மடங்கு என்றால் படகு ஆட்டத்தில் படம் நிற்காது. கேமராவுக்குக் குறைந்தது 300 மி.மீ. லென்ஸ். மாலை ஐந்தரைக்கு மேல் வெளிச்சம் சரியும்போது ஷட்டரைக் குறைக்காமல் ஐஎஸ்ஓவை 3200வரை ஏற்றுங்கள். டிரைபாடுக்குப் படகில் வேலையில்லை. காட்டு நடை இருந்தால் அட்டை ஏறாமலிருக்க, நெருக்கமான நெசவுள்ள நீளக் காலுறை; கம்பளிக் காலுறையில் அது நுழைந்துவிடும்.

நவம்பர் முதல் மார்ச்வரை மழை. ஜனவரியில் ஆறு கரை மீறும் ஆண்டுகளும் உண்டு. கொசு மருந்தை மாலையில் படகேறுமுன் தடவுங்கள். சபாவில் குரங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றும் மலேரியா உண்டு. திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், சபா காட்டுக்குப் போய்வந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.