சுங்கை சிப்புட்டில் வந்த இரண்டு நன்றிக் கடுதாசிகள்

ஊருக்குப் போய் வருகிறவர்கள் எல்லாரும் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதித் தள்ளிவிட்டார்கள், அதனால் நான் தபாலைப் பற்றி எழுதுகிறேன். தங்கச்சி கல்யாணத்துக்காக பெர்த்திலிருந்து மலேசியாவில் இருக்கிற எங்கள் ஊர் சுங்கை சிப்புட் போனபோது கையில் மூன்று வேலை இருந்தது. எனக்கு ரவிக்கை தைக்க வேண்டும், அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும், வீட்டுக் காடியை, அதாவது காரை, ஒர்க்‌ஷாப்பில் விட வேண்டும். மூன்றும் முடிந்தது. அதில் இரண்டு கடைகள் நன்றி சொல்லி வீட்டுக்குக் கடுதாசி போட்டிருந்தன.

முதலில் வந்தது கண்ணாடிக்கடை. ஈப்போவில் இருக்கிறது, பல ஊர்களில் கிளை உண்டு, பெயர் வேண்டாம். நல்ல தடித்த உறை, நீல மையில் கையால் எழுதியது போல முகவரி, உள்ளே ஆங்கிலத்தில் நீங்களும் எங்கள் குடும்பம்தான் என்கிற மாதிரி நாலு வரி, கீழே ஒரு தள்ளுபடிக் கூப்பன், அதற்கு ஒரு கடைசித் தேதி. வந்தது அப்பா பெயருக்கு. அப்பா போய்விட்டார், அதை அம்மாவே கடையில் சொல்லியும் இருக்கிறார். “அந்தப் பொண்ணுகிட்ட நேராவே சொன்னேனே, எழுதிக்கிட்டாளே” என்று அதையே இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தேன், பேனா அழுத்திய தடமே இல்லை. ஒரே எழுத்து வருகிற இடத்திலெல்லாம் ஒரே சுழி. அச்சுதான்.

அம்மா மாதிரி ஆட்களிடம் இந்த விளையாட்டு கூடாது. தோட்டத்தில் இருந்த காலத்தில் கடுதாசி எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும், கிராணி என்கிற ஆபீஸ் குமாஸ்தா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார், அப்படி வாங்கிய கடுதாசியை அவர்கள் வருஷக்கணக்கில் பெட்டியில் வைத்திருந்தார்கள். (1960களில் தபால் துறையையும் சேர்த்துப் பார்த்த அமைச்சர் துன் சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர் என்பதை அம்மா இன்றைக்கும் விடமாட்டார். ஸ்டாம்பு 2010-ல் 30 சென்னிலிருந்து 60 சென் ஆனதையும் விடமாட்டார்.)

அடுத்தது பசார் பக்கத்துத் தையல்கடை அக்கா. சின்ன அட்டை, தமிழில்: “தங்கச்சி, கை இடுக்கில் பிடிக்குது என்று சொன்னதால் அரை இஞ்ச் விட்டிருக்கேன். உள்ளே இன்னும் ஒரு இஞ்ச் மடிப்பு இருக்கு, அங்கே யாரிடமாவது பிரித்துக்கொள்ளலாம். மீதித் துணி பையில் இருக்கு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்ததற்கு நன்றி.” கூப்பனும் இல்லை, மறுபடி வாருங்கள் என்றும் இல்லை. அப்புறம் கடைக்குப் போய்க் கேட்டால், அதுவும் கணினிதான்! அக்காவின் மகள் கையெழுத்து மாதிரி இருக்கிற ஒரு எழுத்துருவில் அச்சடித்துக் கொடுக்கிறாள், அக்கா பேனாவால் பெயர் மட்டும் போடுகிறார். “என் எழுத்தைப் பார்த்தா கஸ்டமரே ஓடிடுவாங்க” என்றார். ஆனால் விஷயம் முழுக்க அவருடைய 555 புத்தகத்திலிருந்து வருகிறது. மளிகைக் கடைகளில் கடன் எழுதுவார்களே, அதே குட்டி நோட்டு. அளவு, யாருக்கு எங்கே பிடிக்கும், யார் வீட்டில் என்ன விசேஷம் எல்லாம் அதில் கிறுக்கியிருக்கிறது.

இரண்டும் அச்சு, ஒன்று சுட்டது, ஒன்று குளிர்ந்தது. ஆக என் குறை மெஷினைப் பற்றியது இல்லை. உங்கள் கையெழுத்து மாதிரியை வாங்கி எழுத்துருவாக்கி அச்சடித்து, ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் போட்டுவிடுகிற கம்பெனிகள் அமெரிக்காவில் இருக்கின்றன, நிஜப் பேனாவைப் பிடித்து எழுதுகிற ரோபோவும் உண்டு. அதற்கெல்லாம் முன்னாலேயே டெட்ராயிட் பக்கம் ஜோ ஜிரார்ட் என்கிற செவ்ரோலே விற்பனையாளர் மாதாமாதம் வாடிக்கையாளர்களுக்கு அச்சடித்த அட்டை போட்டுக்கொண்டிருந்தார், 1963 முதல் 1978 வரை 13,001 காடி விற்று கின்னஸில் ஏறினார். வருகிற ஆளைத் தெரிந்து வைத்துக்கொண்டு எழுதினால் அச்சும் எடுபடும். இறந்தவர் பெயரையே எடுக்காத பட்டியலுக்கு எவ்வளவு நல்ல நீல மை போட்டு என்ன?

சரி, கண்ணாடிக்கடைக்கு என்ன செய்தேன் என்றால், மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது, விளம்பரத்துக்கு என் விவரத்தைப் பயன்படுத்தாதே என்று எழுத்தில் கேட்க அதில் உரிமை உண்டு. அம்மாவின் பெயரும் அந்தப் பட்டியலில் இருப்பதால் அவர் கையொப்பத்தோடு ஒன்று எழுதி, அப்பா பெயரையும் எடுக்கச் சொல்லி, பதிவுத் தபாலில் போட்டேன். கூப்பன் வேண்டும் என்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம், அதுவும் நின்றுவிடும்.

ஒர்க்‌ஷாப் தவ்கே, அதாவது முதலாளி, ஒன்றும் அனுப்பவில்லை. நன்றிகூடச் சொல்லவில்லை, சாவியை நீட்டிவிட்டு அடுத்த காடிக்கு அடியில் போய்விட்டார். பிரேக் சத்தம் அடியோடு நின்றுவிட்டது, கழற்றிய பழைய பிரேக் கட்டையைப் பையில் போட்டு பின் சீட்டில் வைத்திருந்தார். அடுத்த தடவையும் அவரிடம்தான் விடுவேன்.