ஈரப்பத மீட்டர் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்

களத்திலேயே தனியார் வியாபாரியிடம் நெல் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மூட்டை பிடியுங்கள். நீடாமங்கலம் பக்கம் என் பெரியப்பாவின் குறுவை நெல்லில் நடந்தது இது. வியாபாரி யார் என்று எழுதப் போவதில்லை. அவர் செய்த விதம்தான் முக்கியம். அது யார் களத்திலும் நடக்கக்கூடியது.

நெல் ஏடிடி 43 ரகம். மிஷின் விட்டு அறுத்து, களத்தில் கொட்டி, நல்ல வெயிலில் கிளறிக் கிளறிக் காயவைத்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொள்முதல் நிலையத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் காத்திருந்தார்கள். அதனால்தான் வியாபாரியை வரச் சொன்னோம்.

அவர் கையடக்க மீட்டரில் ஒரு பிடி நெல்லைப் போட்டார். 20.4 சதவீதம்.

"கடிச்சா நறுக்குன்னு உடையுது தம்பி, இதுல எங்கேருந்து இருபது?" என்றார் பெரியப்பா.

"பெரியவரே, மெஷின் பொய் சொல்லுமா? இன்னொரு தடவ போடுறேன், நீங்களே பாருங்க."

20.3 வந்தது. மறுபடி போட்டார், 20.4. சுற்றி நின்றவர்கள் "சரியாத்தானே காட்டுது" என்று ஒப்புக்கொண்டார்கள். ஏமாற்று நடந்தது இந்த இடத்தில்தான்.

தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைக் காலிபரேஷன் செய்வதுதான், அதாவது சரியான அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதுதான், என் வேலை. ஒரு கருவி அதே பொருளை எத்தனை தடவை அளந்தாலும் ஒரே எண்ணைக் காட்டுவது ஒரு குணம். அந்த எண் உண்மையான அளவை ஒட்டி இருப்பது வேறு குணம். பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம் தினமும் தவறாமல் பத்து நிமிடம்தான் முந்தும். மீட்டரில் நிலையான பிழை உட்கார்ந்திருந்தால் ஆயிரம் தடவை போட்டாலும் அதே தப்பான எண்தான் வரும். புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் தெரிவதும் துல்லியத்துக்குச் சாட்சி இல்லை. 0.1 வரை காட்டும் கருவி 3 சதவீதம் தப்பாகவும் காட்ட முடியும்.

இந்த மீட்டர்களில் பெரும்பாலானவை நெல்லின் ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. தானியத்தின் மின்பண்பை அளந்து, உள்ளே பதிந்திருக்கும் கணக்கை வைத்து ஈரப்பதமாக மாற்றிக் காட்டுகின்றன. நெல்லுக்கு ஒரு கணக்கு, கோதுமைக்கு வேறு கணக்கு. தேர்வு மாறிக் கிடந்தால் எண்ணும் மாறும். வெயிலில் சுட்டுக் கிடக்கும் நெல்லை ஆறவிடாமல் போட்டாலும், கருவிக்குள் முந்தைய ஈர நெல்லின் தூசு ஒட்டியிருந்தாலும் அளவு பிசகும். "இது எந்தத் தானியத்துக்கு வச்சிருக்கு? கடைசியா எப்ப காலிபரேஷன் ஆச்சு?" என்று கேட்டேன். "கம்பெனி செட்டிங் சார்" என்றதோடு சரி.

தூறல் விழ ஆரம்பித்ததும் பெரியப்பா விலையை முடித்துவிட்டார். அம்பாரத்தின் பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெல் எடுத்து, கலந்து, இரட்டைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டிக்கொண்டேன். தஞ்சாவூரில் ஓர் ஆய்வகத்தில் அதை ஓவனில் உலர்த்தி, எடை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார்கள். மீட்டரைச் சரிபார்க்க அதுதான் அடிப்படை முறை. வந்த விடை 17.3. அரசுக் கொள்முதலுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் வரம்பே 17.

ஈரத்துக்காக எடையில் குறைப்பதற்கு வியாபாரி போட்ட கழிவுக் கணக்கு இன்னும் மோசம். 17-க்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் மூட்டைக்கு ஒரு கிலோ என்று போட்டு, 60 கிலோ மூட்டையில் 3 கிலோ கழித்தார். அவருடைய 20.4 உண்மையாகவே இருந்தாலும் இது தப்பு. 60 கிலோவில் 20.4 சதவீதம் ஈரம் போனால் உலர்பொருள் 47.76 கிலோ. அதையே 17 சதவீத ஈரத்தோடு வைத்தால் 57.5 கிலோ வரும். ஆக, கழிக்க வேண்டியது இரண்டரை கிலோ. உண்மையான 17.3-க்குக் கணக்குப் போட்டால் கால் கிலோகூட இல்லை. சாக்குக்கென்று தனியாக 2 கிலோ எடுத்தார். சணல் சாக்கு ஒரு கிலோகூட இருக்காது.

எடை மிஷினிலும் கவனம் வேண்டும். அவர் 5 கிலோ படிக்கல்லை வைத்து 5.0 காட்டினார். ஆனால் அந்த மிஷின் நூறு நூறு கிராமாகத்தான் எண்ணும். 0.8 சதவீதம் குறைத்துக் காட்டும் மிஷினில் 5 கிலோ 4.96 ஆகும், திரையில் 5.0 என்றே தெரியும். அதிலேயே 60 கிலோ வைத்தால் 59.5. அரை கிலோ காணாமல் போகும். சிறிய கல்லில் மறைகிற பிழை மூட்டையில்தான் வெளியே வரும். அதனால், முத்திரையுள்ள வேறு தராசில் எடை போட்டு எழுதிவைத்த ஒரு மூட்டையை முதலில் ஏற்றிப் பாருங்கள். அதையே தட்டின் நடுவிலும் நாலு மூலையிலும் நகர்த்தி வையுங்கள். இறக்கியதும் சுழியத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். மண்தரையில் சாய்ந்து நிற்கும் மிஷினை ஏற்காதீர்கள்.

வியாபாரத்துக்குப் பயன்படும் மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு தடவை சரிபார்ப்பு முத்திரை கட்டாயம். இவருடையதில் முத்திரையையே காணவில்லை. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை. அங்கே புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆய்வக முடிவைச் சொல்லி அவரிடம் பேசினேன். "அன்னிக்கி எல்லார் முன்னாடியும்தானே போட்டுக் காட்டுனேன், ஒரே மாதிரிதானே வந்துச்சு" என்றார். பணம் திரும்பவில்லை. அவர் கொடுத்த சீட்டில் நிகர எடையும் தொகையும் மட்டுமே இருக்கின்றன; ஈரப்பதமும் கழிவும் எழுதவில்லை. புகாரில் எங்களைத் தடுமாற வைப்பது அந்தச் சீட்டுதான். மொத்த எடை, சாக்கு எடை, மீட்டர் காட்டிய எண், கழித்த கிலோ எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே லாரியில் ஏற்ற விடுங்கள். ஒரு பை நெல்லைக் கட்டி, அதன்மேல் அவரிடமும் கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.