ஆறு வருடம், ஒரு பைபிள் செயலி, ஒரு புள்ளி

கல்முனையிலிருந்து மச்சான் கேட்டிருந்தான்: "அம்மாக்குப் புதுப் போன் வாங்கிக் குடுத்திரிக்கன். நீ வச்சிரிக்கிற பைபிள் செயலியப் போட்டுக் குடுக்கட்டா?" ஓம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் என் போன் பற்றரி மாற்றி அன்றுதான் கடையிலிருந்து வந்திருந்தது. இரண்டு நாள் அது இல்லாமல் பட்ட அவதியும், அந்தச் செயலியின் மேல் ஆறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த கோபமும் ஒன்றாக இருந்தன. ஆகவே நீளமாகவே சொல்கிறேன்.

நான் ஆசைப்பட்டு இதற்கு மாறவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபின் ஊரில் எந்தக் கோயிலுக்கும் பை கொண்டு போக முடியவில்லை. ஆராதனைக்குப் போகும் பை என்றால் பைபிள், பாட்டுப் புத்தகம், மூக்குக்கண்ணாடி, காணிக்கை உறை எல்லாம் அதற்குள்தான். சரி, பைபிளைக் கையிலேயே கொண்டு போவோம் என்று அப்பாவின் பழைய பைபிளை எடுத்துப் போனேன். வாசலில் சோதனைக்கு நின்ற தம்பி அதை வாங்கிப் பக்கம் பக்கமாக உதறினான். அப்பா இடையில் செருகி வைத்திருந்த குறிப்புத் துண்டுகள் படியில் பறந்தன. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவனுக்கும் பயம். அடுத்த ஞாயிறு நான் போனோடு போனேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலி இலவசம், விளம்பரம் இல்லை. ஒருமுறை இறக்கி வைத்தால் டேட்டா வேண்டாம். வாகரைப் பக்கம் சிக்னல் செத்துப்போகும் இடங்களிலும் திறக்கும். எழுத்தைப் பெருப்பிக்கலாம். எத்தனை நாள் தொடர்ந்து வாசித்தேன் என்று அது எண்ணிக் காட்டுவதை முதல் மாதமே நிறுத்திவிட்டேன். அந்தக் கணக்கை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

2020 ஊரடங்கில் எல்லாரும் போனில்தான் வாசித்தோம், அதில் புதுமை இல்லை. இதன் அருமை தெரிந்தது 2022இல். கரண்ட் மணிக்கணக்கில் போன அந்த மாதங்களில் வீட்டு ஜெபக் கூட்டம் இருட்டில்தான் நடந்தது. மெழுகுதிரி விற்ற விலைக்குக் கிழவிகள் கூட "போனப் பிடி மனே" என்றார்கள். முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு முகங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே சின்ன வெளிச்சம். அந்த நாட்களில் இந்தச் செயலியைப் பற்றி யார் குறை சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன்.

இப்போது குறைக்கு வருகிறேன். தேடல்!

நீங்களே சோதித்துப் பாருங்கள். 'மேய்ப்பர்' என்று அடித்துத் தேடுங்கள். செத்த வீட்டில் வாசிக்கும் 23ஆம் சங்கீதம் வரவேண்டும் அல்லவா? என் செயலியில் வந்தது லூக்கா 2ஆம் அதிகாரம், இயேசு பிறந்த நத்தார் இரவில் வயல்வெளியில் மந்தை காத்த மேய்ப்பர்கள். வேறு சில வசனங்களும் வந்தன, சங்கீதத்தை மட்டும் காணவில்லை. செத்த வீட்டுக்கு வாசகம் தேடினால் நத்தார் வந்து நிற்கிறது. சங்கீதத்தில் இருக்கும் சொல் 'மேய்ப்பராயிருக்கிறார்'. நாம் ஒரே சொல்லாகக் காண்பதைக் கணினி வேறு விதமாகப் பார்க்கிறது: 'ர்' அதற்கு ர-வும் புள்ளியும், 'ரா' ர-வும் காலும். நாம் புள்ளி வைத்துத் தேடினால் கால் போட்ட சொல் அகப்படாது. தமிழில் சொல் எங்கே தனியாக நிற்கிறது? எல்லாம் ஒட்டித்தானே கிடக்கும். புள்ளியை விட்டு 'மேய்ப்பர' என்று அரைகுறையாக அடித்தால் வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. மூன்று முறை அவர்களுக்கு எழுதினேன். மூன்று முறையும் நன்றி சொல்லி ஒரே ஆங்கிலப் பதில் வந்தது.

எல்லாப் பழியையும் செயலியின் தலையில் போடவும் மனம் வரவில்லை. போன வருடம் ஒரு செத்த வீட்டில் போதகர் ஐயா வரச் சுணங்கியது. "நீ ஒரு சங்கீதம் வாசி" என்றார்கள். மலைகளைப் பார்த்து உதவி கேட்கும் சங்கீதம் மனதில் வந்தது, எண் வரவில்லை. 'மலை உதவி' என்று அடித்தேன். ஒன்றுமில்லை. வியர்த்துவிட்டது. மூலையில் இருந்த என் அம்மா, "நூற்றி இருபத்தொண்டு மனே" என்றுவிட்டு, நான் பக்கம் திறக்குமுன் கண்ணை மூடிக்கொண்டு எட்டு வசனத்தையும் சொல்லி முடித்தார். எங்கள் பைபிளில் அது 'மலை' இல்லை, 'பர்வதம்'; 'உதவி' இல்லை, 'ஒத்தாசை'. 1871இல் ஹென்றி பவர் குழுவினர் போட்ட தமிழ் அது. அதற்குச் செயலி செய்தவன் என்ன செய்வான்?

ஆனால் இதே மொழிபெயர்ப்புச் சிக்கலால்தான் நான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. நான் மெதடிஸ்த, வீட்டுக்காரி தாண்டவன்வெளிக் கத்தோலிக்க. என் பைபிளில் 66 புத்தகம், அவளுடையதில் 73. கல்யாணம் முடித்து இத்தனை வருடமும் அவரவர் பைபிள் அவரவர் தலைமாட்டில் கிடந்தது. செயலியில் இரண்டையும் அருகருகே வைக்கலாம். இப்போது இரவில் ஒரே போனில் வாசிக்கிறோம். என் பக்கம் விளங்காவிட்டால் அவள் பக்கத்தை எட்டிப் பார்ப்பேன். அவளுடைய திருவிவிலியத்தில் மலை மலையாகவே இருக்கிறது. ஒருநாள் தோபித்து முழுவதும் வாசித்து முடித்தேன், எங்கள் பைபிளில் இல்லாத புத்தகம். நாயும் வருகிறது கதையில். எங்கள் ஐயாவிடம் இதைச் சொல்லவில்லை.

அப்படியானால் தீர்ப்பு? மச்சான், ஐந்துக்கு இரண்டு. உன் அம்மாவுக்குப் பெரிய எழுத்துப் பைபிள் ஒன்று வாங்கிக் கொடு. நான் இதை விடுவேனா என்று கேட்காதே. பற்றரிக்குக் கொடுத்த காசுக்குப் புதுப் பைபிளே வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை.

இல்லை, போட்டுத்தான் கொடுப்பேன் என்றால் எழுத்தைப் பெருப்பித்துவிட்டு, காலையில் சத்தம் போடும் அறிவிப்பை நிறுத்திவிட்டுக் கொடு. தேடுகிற இடத்தைக் காட்டிக் கொடுக்காதே. மாமிக்கு அது தேவைப்படாது.