கட்டாரா, சிங்கப்பூரா: முதல் வேலை எங்கே?

ஒலுவிலிலோ மொறட்டுவையிலோ பொறியியல் முடித்துவிட்டு வரும் தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது சம்பளத்தைத்தான். இரண்டு நாட்டிலும் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: போகிற ஆளை அந்த நாடு எப்படி மாற்றுகிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம்.

கட்டாரில் பொறுப்பு சட்டென்று தலையில் வந்து விழும். 25 வயதில் எனக்குக் கீழே 60 பேர். கோடையில் கொங்கிரீட் போடுவது இரவில்தான். ஐஸ் போட்டுக் கலந்தும் சூடு 32 பாகையைத் தாண்டிவிட்டால் லொறியைத் திருப்பி அனுப்புவோம். ஆட்களுக்கும் அங்கே ஒரு கணக்கு உண்டு. ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது 2021இல் வந்த சட்டம். ஒருநாள் பத்து மணி தாண்டியும் ஒருவர் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் நாலு கட்டுத்தான் சேர்" என்றார். பேச்சைக் கேட்டதுமே ஊர் தெரிந்துவிட்டது. வாழைச்சேனை. நான் கல்லடி. இரண்டும் மட்டக்களப்புப் பக்கம்தான். அப்பாவின் வயது அவருக்கு. எனக்குத் தனி அறை, அவருக்குக் கேம்பில் எட்டுப் பேரோடு ஓர் அறை. ஊரில் என்றால் மாமா என்றுதான் கூப்பிட்டிருப்பேன். அன்றிலிருந்து அப்படியே கூப்பிட்டேன். அவர் மட்டும் 'சேர்' என்பதைக் கடைசிவரை விடவில்லை. அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

சிங்கப்பூர் வேறு மாதிரி. முதல் வருடம் முழுக்கப் பத்திரங்கள்தான். உயரத்தில் ஏறி வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும், அது இல்லாமல் ஒருவரும் ஏற முடியாது. சலிப்பாக இருக்கும். ஆனால் அங்கே கண் பழகிவிடுகிறது. கொட்டும் மழையிலும் கான், அதாவது வடிகால், அடைக்காமல் ஓடுவதைப் பார்த்தவனுக்கு, மட்டக்களப்பில் வெள்ளம் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு, வாவித் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டுவதைப் பற்றிப் பேசுவது பொறுக்காது. மழைக்கு முன்பே தெருக் கானை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

சிங்கப்பூருக்குப் போவதும் அவ்வளவு சுலபமில்லை. எம்ப்ளோய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்கு 2023 செப்டெம்பரிலிருந்து சம்பளத்தோடு புள்ளிகளும் பார்க்கிறார்கள், 40 எடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் முதலில் கட்டார், அப்புறம் சிங்கப்பூர். கான் கட்டுவதை எந்த வயதிலும் படிக்கலாம். கம்பி கட்டுகிறவரை நிமிர்ந்து பார்க்க இளவயதிலேயே பழக வேண்டும்.

சித்தியின் மகன் அடுத்த மாதம் கட்டாருக்குப் போகிறான். வாழைச்சேனை மாமா இன்னும் அங்கேதான். அவருடைய நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.