பிரசவ வார்டில் இலவசப் பால்பவுடர் கொடுத்தால் வாங்காதீர்கள்

மும்பையில் இருக்கும் நம்ம ஆட்கள், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள்.

என் தங்கச்சி தலைப்பிரசவத்துக்குத் தாராவியில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். சயான் பக்கம் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. இரண்டாம் நாள் காலை வெள்ளைக் கோட் போட்ட ஒரு பெண் வந்தார். பாப்பா அழுவதைப் பார்த்து "தூத் கம் ஹை" என்றார். பால் பத்தவில்லையாம். ஒரு பையில் பால்பவுடர் டப்பாவும் பாட்டிலும் கொடுத்து, தங்கச்சியின் போன் நம்பரை எழுதிக்கொண்டார். நர்ஸ் அவரோடு பழகிய விதத்தில் ஆஸ்பத்திரி ஆள் என்றே நினைத்தோம்.

முதல் இரண்டு நாளும் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும், பிறந்த பிள்ளைக்கு அதுவே போதும், சப்பச் சப்பத்தான் பால் ஊறும். மூன்று பிள்ளை பெற்ற என் அம்மாவுக்கு இது தெரியாதா? அந்தக் கோட்டைப் பார்த்து அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். பாட்டிலுக்குப் பழகிய பாப்பா மார்பில் வாய் வைக்க மறுத்தது. தங்கச்சிக்குப் பாலும் குறைந்துபோனது. இலவச டப்பா தீர்ந்த பிறகு எல்லாம் காசு. கட்டுப்படியாகாமல் அம்மா பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்ட ஆரம்பித்தாள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். தடுப்பூசிக்குப் போனபோது எடை ஏறவே இல்லை.

அங்கிருந்த டாக்டர் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். கொழுகொழு குழந்தைப் படம் போட்ட காகித உறை ஒன்று அதைச் சுற்றி இருந்தது. அதை உரித்தார். அடியில் லேபிளில், 'முக்கிய அறிவிப்பு' என்ற தலைப்போடு, 'தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது' என்று பெரிய ஆங்கில எழுத்தில் இருந்தது. இத்தனை நாள் எங்கள் அடுப்படியில் இருந்த டப்பா! அந்த வாரமே தங்கச்சியின் போனுக்குக் கம்பெனியிலிருந்து தள்ளுபடி மெசேஜ் வந்தது. வெள்ளைக் கோட் யாருடைய ஆள் என்று அப்போதுதான் புரிந்தது.

இதற்கு 1992-லேயே சட்டம் இருக்கிறது, 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். பால்பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. விற்பனைக்காகக் கர்ப்பிணியையோ கைக்குழந்தைத் தாயையோ தொடர்புகொள்வதே குற்றம். டப்பாவில் குழந்தை படமோ பெண் படமோ இருக்கக்கூடாது. மருத்துவப் பணியாளர்களுக்குப் பணம், பரிசு எதுவும் தரக்கூடாது. குழந்தை வளர வளரக் கொடுக்கச் சொல்லி '2', '3' என்று எண் போட்டு வரும் டப்பாவுக்கும் குழந்தைக்கு 2 வயது ஆகும்வரை இதே விதிதான். மீறினால் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

பவுடர் இல்லாமல் முடியாத தாய்மார்கள் இருக்கிறார்கள், அவர்களை ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஆனால் அதைக் குழந்தையைப் பார்த்த டாக்டர் சொல்ல வேண்டும், பையோடு வருபவர் இல்லை.

இப்போது தங்கச்சி திரும்பத் திரும்ப மார்பில் போட்டுப் பழக்குகிறாள், மீதியைப் பாலாடையில் கொடுக்கிறோம். எடை மெல்ல ஏறுகிறது. உறை, பை, மெசேஜ் எல்லாவற்றையும் படம் எடுத்து, பாந்த்ரா-குர்லா வளாகத்தில் உள்ள மாநில உணவு மருந்து நிர்வாகத்துக்குப் புகார் எழுதியிருக்கிறோம். சயான், செம்பூர் பக்கம் உங்களுக்கும் இதே மாதிரிப் பை வந்திருந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்த்துக் கொடுக்கலாம்.