சொகுசுக் கப்பலா, தீம் பார்க்கா? கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து போட்ட செலவுக் கணக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விடுமுறைச் சுற்றுலா என்றால் ஒகேனக்கல் பரிசலும், எண்ணெய்க் குளியலும், கே.ஆர்.பி. அணைப் பூங்காவும் என்றிருந்த காலம் போய், முழு ஆண்டுத் தேர்வு முடிவதற்கு முன்பே டிராவல்ஸ் கடைகளிலிருந்து இரண்டு வகை விளம்பரங்கள் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. ஒன்று பெங்களூரு அல்லது சென்னைப் பக்கத்துத் தீம் பார்க். மற்றொன்று சென்னைத் துறைமுகத்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ புறப்படும் சொகுசுக் கப்பல். முன்னதற்கு ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம், பின்னதற்கு ஆளுக்கு இருபதாயிரம் என்று பார்த்தவுடன், ஒப்பிடவே வேண்டியதில்லை என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் ஒன்று வெறும் நுழைவுச்சீட்டின் விலை. மற்றொன்று படுக்கை, சாப்பாடு, பயணம் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் விலை. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

முதலில் பூங்கா. மைசூரு சாலையில் பிடதிக்கு அருகே 2005 முதல் இயங்கிவரும் வொண்டர்லாதான் நம் பகுதிக் குடும்பங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்திலுள்ள பெரிய தீம் பார்க். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி வழியாகச் சென்று, எலக்ட்ரானிக் சிட்டிக்கு அருகே நைஸ் சுற்றுச் சாலையைப் பிடித்து, கெங்கேரிப் பக்கம் மைசூரு சாலையில் இறங்கினால், பெங்களூரு நகர நெரிசலில் சிக்காமல் போய்விடலாம். விடியற்காலை கிளம்பினால் கதவு திறக்கும் 11 மணிக்கு முன்பே சென்று, பூங்காவை மாலையில் மூடிய பிறகு திரும்பி, இரவுச் சாப்பாட்டை ஊர்ப்பக்கமே முடித்துக்கொள்ளலாம். சொந்த வண்டி இல்லாமல் வாடகைக் கார் வைப்பவர்கள் மட்டும் கர்நாடக நுழைவு வரியையும் பர்மிட்டையும் பேரம் பேசும்போதே சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். அத்திப்பள்ளியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அதைப் பேசுவது யாருக்கும் நல்லதில்லை.

அங்கே டிக்கெட் வயதைப் பார்த்துக் கொடுப்பதில்லை, உயரத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு இலவசம். 140 சென்டிமீட்டர் வரை குழந்தை டிக்கெட். அதற்கு மேல் பெரியவர் கட்டணம். இந்தக் கோடு செலவை மட்டும் தீர்மானிப்பதில்லை. தலைகீழாகச் சுழற்றும் ராட்டினங்களிலும் ரோலர் கோஸ்டரிலும் ஏறத் தகுதி உண்டா என்பதையும் உயரம்தான் சொல்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அளவுகோலுக்கு முன்னால் குதிகாலைத் தூக்கி நின்று பார்த்துவிட்டு, முகம் சுருங்கி வெளியே வருவதை எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே காணலாம். குழந்தை டிக்கெட்டில் போகும் பிள்ளைக்குப் பூங்காவின் பாதிதான் கிடைக்கிறது, விலையோ பாதியாவதில்லை.

தண்ணீர்ப் பகுதிக்கு நைலான் துணிதான் அனுமதி, பருத்தி கூடாது. இல்லாதவர்கள் அங்கேயே வாங்க வேண்டும். வெளிச் சாப்பாட்டையும் உள்ளே விடுவதில்லை. லாக்கர் வாடகை தனி. இவற்றையெல்லாம் சேர்த்து, அப்பா, அம்மா, உயரம் தாண்டிய ஒரு பிள்ளை, தாண்டாத ஒரு பிள்ளை என நால்வருக்கு ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். பெரியவர் டிக்கெட்டை 1,500, குழந்தை டிக்கெட்டை 1,200 என்று வைத்தால் நுழைவு 5,700 ரூபாய், சாப்பாடு 2,000, எரிபொருளும் சுங்கமும் 2,500, லாக்கர், துணி இத்தியாதி 800. ஆக 11,000 ரூபாய். விலைகள் நாளுக்கு நாள் மாறும் என்பதால் இந்தத் தொகையைக் கணக்கின் உருவத்தைக் காட்டுவதற்கு மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லூரி அடையாள அட்டைக்கும் பொதுத்தேர்வு ஹால் டிக்கெட்டுக்கும் சலுகை தரும் வழக்கம் அங்கே உண்டு. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தச் சீட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்லது.

இனிக் கப்பல். இந்தியத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் கார்டெலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ், 1990இல் கட்டப்பட்டு ராயல் கரீபியன் நிறுவனத்திடம் நீண்ட காலம் ஓடிய கப்பல். 2021இல் இந்தியாவில் சேவையைத் தொடங்கி, 2022 ஜூனில் சென்னைக்கு வந்தது. அதன் நீளம் சுமார் 211 மீட்டர். 2024இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற வெளிநாட்டுச் சொகுசுக் கப்பலோ 365 மீட்டர் நீளமும் இருபது தளங்களும் கொண்டது. யூடியூபில் அந்த இருபது தள அதிசயத்தைப் பார்த்துவிட்டுச் சென்னைத் துறைமுகத்துக்குப் போகிறவர், தான் வாங்குவது அதுவல்ல என்று தெரிந்தே போக வேண்டும். அதற்காக இந்திய அனுபவம் மட்டம் என்று சொல்லிவிட முடியாது. பாஸ்போர்ட் எடுக்காமல், உள்நாட்டுப் பயணம் என்றால் அடையாள அட்டையோடு கடலில் இரண்டு இரவு கழிப்பதற்கு நமக்கு வேறு எளிய வழி இல்லை.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது, ஒரு கேபினில் இருவர் தங்குவதாகக் கொண்டு ஆளுக்குக் கணக்கிட்ட தொகை. தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இரண்டு பேர் விலை தர வேண்டியிருக்கும். அதே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் படுப்பவர்களுக்குக் குறையும். துறைமுகக் கட்டணமும் வரியும் பெரும்பாலும் அடுத்த பக்கத்தில்தான் தலைகாட்டும். முக்கிய உணவகங்களில் சாப்பாடு, நீச்சல் குளம், மாலை நிகழ்ச்சிகள் ஆகியவை கட்டணத்தில் அடக்கம். மது, சிறப்பு உணவகம், வைஃபை, கரையிறங்கிச் சுற்றிப் பார்ப்பது ஆகியவை தனிச் செலவு. இதில் வைஃபையைவிட ஆபத்தானது, கரை மறைந்த பிறகு கைப்பேசி தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு ஏற்றிவிடும் ரோமிங் கட்டணம். கப்பலில் கால் வைத்தவுடன் ஏர்பிளேன் மோடுக்கு மாற்றிவிடுவது ஒன்றே காப்பு.

‘இரண்டு இரவு, மூன்று பகல்’ என்ற வாசகத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். முதல் நாள் வரிசையில் நின்று, பாதுகாப்புச் சோதனை முடித்து, கேபினுக்குள் பெட்டியை வைக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். கடைசி நாள் காலை உணவு முடிந்ததும் இறங்கச் சொல்லிவிடுவார்கள். உண்மையில் கிடைப்பது ஒரே ஒரு முழுப் பகலும், இரு பக்கமும் ஒட்டிய சில மணி நேரமும்தான். மொத்தம் நாற்பது மணி நேரம் என்று வைக்கலாம். பகலை எண்ணாமல் இரவை எண்ணி விலை பேசுவதே கப்பலுக்குச் சரியான அளவுகோல்.

மேலே சொன்ன அதே நால்வருக்கு, ஜன்னல் இல்லாத உட்புறக் கேபினில் வரியோடு சேர்த்து 68,000 ரூபாய் என்று கொள்வோம். கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லாததால் ஜோலார்பேட்டைக்குப் போய் ரயில் ஏறலாம், அல்லது வேலூர் வழியாகக் காரில் போகலாம். காரில் போய், வண்டியை நிறுத்திவைத்து, திரும்பி வருவதற்கு 6,500 என்று வைக்கலாம். கப்பலுக்குள் கைச்செலவு 5,500. கூட்டினால் 80,000 ரூபாய். பூங்காச் செலவைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். ஆனால் மணிக்கணக்கில் வகுத்தால் கப்பல் குடும்பத்துக்கு மணிக்கு 2,000 ரூபாய். ஏழு மணி நேரப் பூங்கா ஏறக்குறைய 1,570 ரூபாய். வித்தியாசம் இவ்வளவுதானா என்று தோன்றும். தூங்கும் நேரத்தைக் கழித்துவிட்டால் கப்பலின் கணக்கு மீண்டும் ஏறிவிடும் என்பதும் உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராட்டின வரிசையில் நிற்கும் நேரத்தைக் கழித்தால் பூங்காவின் கணக்கும் அதைவிட மோசமாக ஏறும்.

நியாயமான ஒப்பீடு வேண்டுமானால் பூங்காவுக்கும் இரண்டு இரவு கொடுத்துப் பார்க்க வேண்டும். பூங்காவை ஒட்டிய விடுதியில் இரண்டு இரவுக்கு 16,000, இரண்டு நாள் நுழைவு 11,400, சாப்பாடு 8,000, மற்றவை 4,000 என்று போட்டால் 40,000 ரூபாயை ஒட்டி வந்து நிற்கிறது. ஏழு மடங்கு இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது. ஆக, தீம் பார்க் நமக்கு மலிவாகத் தெரிவதற்குப் பெரிய காரணம், இரவு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ள முடிவதுதான். அந்த வசதி இருக்கும்வரை, உள்ளூர் அளவில் பணத்துக்கு மதிப்பு எது என்ற கேள்விக்கு என் பதில் தயக்கமில்லாமல் பூங்காதான். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லாவின் சென்னைப் பூங்காவும் திறந்துவிட்டாலும், நம் பக்கத்தவருக்குப் பிடதியே கிட்டம்.

ஆனால் வீட்டில் பாட்டி இருந்தால் இந்தத் தீர்ப்பை நானே மாற்றிக்கொள்வேன். அறுபத்தைந்தைத் தாண்டி, முட்டிவலியும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்குப் பூங்காவில் கிடைப்பது பைகளுக்குக் காவல் இருக்கும் வேலை. அதற்கும் நுழைவுச்சீட்டு உண்டு. கப்பலில் அவருக்கு மின்தூக்கி உண்டு, நினைத்த நேரத்தில் போய்ப் படுக்கக் கேபின் உண்டு, மாலையில் உட்கார்ந்து பார்க்க ஆட்டம் பாட்டம் உண்டு. சைவச் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. (களியும் கீரைக் கடைசலும் கிடைக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது.) பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இது நேர் எதிர்: இரண்டாம் நாள் மதியத்துக்குள் கப்பலை மேலிருந்து கீழ்வரை பார்த்து முடித்துவிட்டு, சிக்னல் வருமா என்று தளத்தின் ஓரத்தில் நிற்பார்கள். மூன்று தலைமுறையாகப் போகும் குடும்பத்துக்குக் கப்பலும், பிள்ளைகளுக்காகவே போகும் குடும்பத்துக்குப் பூங்காவும் காசுக்கேற்ற பலனைத் தரும்.

காலமும் ஒத்துவர வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கலக்கத் தொடங்கும் ஜூன் மாதத்தில்தான் கப்பல் கிழக்குக் கரைக்கு வந்தது என்பதைப் பார்த்தோம். அப்போது பள்ளிகள் திறந்துவிடுகின்றன. மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கோ அது அறுவடை மும்முரம். வங்கக் கடலும் அந்த மாதங்களில் சும்மா இருப்பதில்லை. குமட்டலுக்குப் பயப்படுபவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேட்டு வாங்கினால் ஆட்டம் குறைவாகத் தெரியும். உயரத்தில் இருக்கும் விலை கூடிய பால்கனிக் கேபின்தான் அதிகம் ஆடும்.

வெளிநாடு என்று வரும்போது கணக்கே வேறு. சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம், செந்தோசாத் தீவில் 2010இல் திறந்த யுனிவர்சல் ஸ்டூடியோஸ் தீம் பார்க்கும் அங்கேதான், கப்பல்கள் புறப்படும் மரினா பே முனையமும் அங்கேதான். பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியிலிருந்து போகும் விமானச் செலவு இரண்டுக்கும் பொது என்பதால் விட்டுவிடலாம். தரையில் மூன்று இரவு என்றால் நால்வர் தங்கும் அறைக்கு இரவுக்கு 250 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீதம் 750, சாப்பாட்டுக்கு 330, யுனிவர்சல் டிக்கெட் ஆளுக்கு 80 வீதம் 320, வேறு இடங்களுக்கு 200, எம்ஆர்டி மெட்ரோ ரயில், டாக்ஸிக்கு 60. மொத்தம் 1,660 வெள்ளி. வெள்ளிக்கு 70 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 1,16,000 ரூபாய். அதே மூன்று இரவைக் கப்பலில் கழித்தால், முதல் இருவருக்கு ஆளுக்கு 500, அடுத்த இருவருக்கு 250 என்று 1,500 வெள்ளியும், ஊழியர்களுக்கான டிப்ஸாக ஆளுக்கு நாளொன்றுக்கு 20 வீதம் 240 வெள்ளியும் சேர்த்து 1,740 வெள்ளி, அதாவது 1,22,000 ரூபாய் அளவில் முடிகிறது. உள்ளூரில் ஏழு மடங்காக இருந்த இடைவெளி இங்கே ஆறாயிரம் ரூபாய்க்கு இறங்கிவிட்டது. வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் சீட்டை நால்வருக்கும் வாங்கினால் அந்த இடைவெளி காணாமலே போகும். மேலும் கப்பல் நடுவில் பினாங்கிலோ புக்கெட்டிலோ ஒரு நாள் இறக்கிவிட்டால் இன்னொரு நாடும் கணக்கில் சேர்கிறது.

டிப்ஸ் என்பது நம்மிடம் விருப்பப்பட்டுக் கொடுப்பது. வெளிநாட்டுக் கப்பல்களில் அது ஒவ்வொரு நாளும் தானாகவே கணக்கில் ஏறிவிடும் தொகை. இதை முன்கூட்டிச் சொல்லாத முகவர்கள் உண்டு. அதேபோல், கப்பல் வேறு நாட்டைத் தொட்டுத் திரும்புவதால் சிங்கப்பூருக்குப் பலமுறை நுழைவு விசா இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கும்போது முகவர் டிசிஎஸ் எனப்படும் முன்கூட்டிய வரியைப் பிடிப்பார். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ கூடிய பணம் என்பதால் செலவில் சேர்க்க வேண்டியதில்லை, ஆனால் ரசீதை வாங்காமல் விடக் கூடாது. கப்பல் மருத்துவர் இலவசம் இல்லை. பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணம் அதில் அடங்குமா என்று கேட்டு எடுக்க வேண்டும்.

சிங்கப்பூர்வரை போகிற குடும்பம் கப்பலையும் பூங்காவையும் ஒரே பயணத்தில் சேர்த்துக்கொள்வதே சிக்கனம் என்பேன்: மூன்று இரவு கப்பல், ஒரே ஒரு நாள் யுனிவர்சல். பூங்காவைக் கப்பலுக்கு முந்தைய நாளில், வார நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டால், விமானம் தாமதமானாலும் கப்பல் தவறாது. கப்பல் யாருக்காகவும் துறையில் காத்திருப்பதில்லை. தவறவிட்டவருக்குப் பணமும் திரும்புவதில்லை. பூங்கா டிக்கெட் தவறினால் போவது ஆளுக்கு 80 வெள்ளி.