ஞாயிறு ராத்திரி அப்பாவுக்குப் பல் எடுத்த கிளினிக்: நிறையும் குறையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு அப்பாவைப் பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தது. மதுரையில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். முதல் மாடியில் இருக்கும் சின்ன கிளினிக், இரண்டே நாற்காலி, ஒரு டாக்டரம்மா, ஒரு சிஸ்டர், அவ்வளவுதான். குறைகளும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவசரமாகப் பல் எடுக்கப் போகிறவர்கள் ஒரு கிளினிக்கில் எதைப் பார்க்க வேண்டும், உள்ளே என்னதான் நடக்கும் என்று அன்றைக்கு எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 66 வயது. சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு, இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பு வராமல் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்துப் பத்து மாதம் ஆகிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் தினமும் போடுகிறார். வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் ரொம்ப வருடமாகச் சொத்தை. வலிக்கும்போது கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைப்பார், குறையும், மறந்துவிடுவார். இந்த முறை வெள்ளிக்கிழமையே வலி ஆரம்பித்துவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு இரண்டு நாளுக்கு ஆன்டிபயாடிக்கும் ஒரு வலி மாத்திரையும் வாங்கிப் போட்டிருக்கிறார், எங்களிடம் சொல்லவே இல்லை. சனிக்கிழமை கொஞ்சம் அடங்கி, ஞாயிறு சாயங்காலம் கன்னம் வீங்கி, படுத்தால் தெறிக்கிறது என்று உட்கார்ந்தே இருந்தார். படுக்கும்போது தலைப் பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால்தான் பல் வலி ராத்திரியில் அப்படித் தெறிக்கிறது என்று டாக்டரம்மா பிறகு விளக்கினார்.

மூன்று இடத்துக்குப் போன் போட்டேன். பலகையில் 24 மணி நேரம் என்று எழுதியிருக்கும் ஓர் இடத்தில் எடுக்கவே இல்லை. இன்னோர் இடத்தில் பாராசிட்டமால் போட்டுவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று வைத்துவிட்டார்கள். மூன்றாவதாகக் கிடைத்த இந்த கிளினிக்கில் டாக்டரே பேசினார். எடுத்த எடுப்பில் கேள்விகள்: வயது என்ன, வீக்கம் கன்னத்திலா தாடைக்குக் கீழேயா, காய்ச்சல் இருக்கிறதா, வாயை இரண்டு விரல் அளவுக்காவது திறக்க முடிகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, குரல் மாறியிருக்கிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார். பதில்களைக் கேட்டுவிட்டு, "விழுங்க முடியலை, மூச்சு வாங்குது, நாக்குக்கு அடியில வீங்கியிருக்குன்னு ஏதாவது ஒண்ணு இருந்தாலும் இங்க வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிடுங்க, இல்லைன்னா மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு உடனே வாங்க" என்றார். இந்த ஒரு போன் காலுக்காகவே நான் அந்த இடத்துக்கு முழு மார்க் போடுவேன். பல் சீழ் தாடைக்கு அடியில் இறங்கிக் கழுத்துப் பக்கம் பரவினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும், உயிருக்கே ஆபத்து. அது சின்ன கிளினிக்கில் பார்க்கக்கூடிய விஷயம் இல்லை. பல் வலிதானே என்று அதை வீட்டில் உட்கார்ந்து பொறுத்துக்கொள்ளவும் கூடாது.

போனதும் நேராக நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. முதலில் பிரஷர் பார்த்தார்கள், 150/90. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், 236. எனக்குத் திக்கென்றது, ஏனென்றால் சர்க்கரை ஏறியிருந்தால் பல்லில் கை வைக்கவே கூடாது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வோம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: சர்க்கரை அதிகமாக இருந்தால் புண் ஆற நாளாகும், கிருமி சீக்கிரம் பரவும், அதனால் கவனமாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் உள்ளே சீழ் இருக்கும்வரை அதுவே சர்க்கரையை ஏற்றிக்கொண்டிருக்கும், இன்றைக்கு வெளியேற்றுவதுதான் நல்லது. ஆன்டிபயாடிக் மட்டும் போட்டால் ஏன் மறுபடி வீங்கியது என்று கேட்டேன். பல்லுக்குள் நரம்பு செத்துப்போன பிறகு அங்கே ரத்த ஓட்டம் இல்லை, மருந்து போய்ச் சேராது, சுற்றியிருக்கும் வீக்கம் கொஞ்சம் அடங்கும், மூலகாரணம் அப்படியே இருக்கும் என்றார்.

அடுத்து எக்ஸ்ரே. வாய்க்குள் சின்னதாக ஒரு பட்டையை வைத்து எடுத்ததும் பக்கத்துக் கம்ப்யூட்டர் திரையில் வந்துவிட்டது. வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம், அதுதான் சீழ் பிடித்த இடம் என்று காட்டினார். ரூட் கேனால் செய்து காப்பாற்ற முடியுமா என்று நாங்கள் கேட்கும் முன்பே அவரே அந்தப் பேச்சை எடுத்தார். பல் ஈறுக்குக் கீழே வரை உடைந்து போயிருந்தது, மேலே கேப் போட நிற்க இடமே இல்லை. கொஞ்சமாவது நல்ல பாகம் இருந்திருந்தால் இன்றைக்குப் பல்லைத் திறந்து சீழை வடித்துவிட்டு அப்புறம் ரூட் கேனால் பார்த்திருப்பேன் என்றார். அவசரம் என்று போனால் பிடுங்குவது ஒன்றுதான் வழி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், இந்தக் கேள்வியை நீங்கள் கட்டாயம் கேளுங்கள்.

எனக்கு இருந்த பெரிய பயம் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரைகள். அப்பாவோ, "ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வர்றேன் டாக்டரம்மா, அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். "ஐயா, அதை மட்டும் நீங்களா நிறுத்தவே கூடாது, ஸ்டென்ட்ல அடைச்சுக்கும். ரத்தத்தை நான் பார்த்துக்கறேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் இதய டாக்டருக்கும் போன் போட வைத்து இரண்டு நிமிடம் பேசினார். ஒரு பல் எடுக்கும்போது வரும் ரத்தத்தை அழுத்திப் பிடித்தும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம், இதயத்தில் அடைப்பு வந்தால் அப்படி நிறுத்த முடியாது. மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரையின் அட்டையையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஐபுபுரோஃபென். ஆஸ்பிரினோடு அதைச் சேர்த்துப் போட்டால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம், இதயத்துக்காகப் போடும் ஆஸ்பிரின் வேலை செய்வதையும் அது கெடுக்கலாம். வலிக்கு இனி பாராசிட்டமால் மட்டும் என்று சீட்டில் கோடு போட்டு எழுதினார்.

ஊசிதான் அப்பாவுக்குப் பெரிய பயம். முதலில் ஈறில் ஜெல் தடவினார்கள். அப்புறம் வாயின் கடைசியில், தாடை நரம்பு வருகிற இடத்தில் ஊசி. போட்டதும் உடனே பல்லில் கை வைக்கவில்லை, பத்து நிமிடம் விட்டார். கீழ் உதடு பாதி தடித்துப்போன மாதிரி இருக்கிறதா என்று கேட்டு, ஈறில் கூர்மையான கருவியால் தொட்டுப் பார்த்தார். அப்பா முகம் சுளித்தார். சீழ் இருக்கும் இடத்தில் மருந்து சரியாக ஏறாது, இது சகஜம்தான் என்று சொல்லி, அளவு பார்த்து இன்னொரு ஊசி போட்டு மறுபடி காத்திருந்தார். நான் சின்ன வயதில் வேறோர் இடத்தில் மரத்துப்போவதற்கு முன்பே இடுக்கியைப் போட்டுக் கதறியிருக்கிறேன், அதனால் இந்தக் காத்திருப்பின் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். ஆரம்பிக்கும் முன் அவர் அப்பாவிடம் சொன்னது: "அழுத்துற மாதிரி இருக்கும், தாடையை ஆட்டுற மாதிரி இருக்கும், கட்டை முறியற மாதிரி சத்தம் கேட்கும். அதெல்லாம் இருக்கும். சுரீர்னு வலி மட்டும் இருக்கக் கூடாது. இருந்தா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடுறேன்." அப்பா ஒருமுறை தூக்கினார், நிஜமாகவே நிறுத்தினார்.

பல் இரண்டு துண்டாகத்தான் வந்தது. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர், வளைந்திருந்தால் மொத்தமாக இழுப்பதைவிட நடுவில் அறுத்துத் தனித்தனியாக எடுத்தால் எலும்புக்குச் சேதம் குறைவு. சீழைக் கழுவிவிட்டு, குழியில் ரத்தம் உறைவதற்கு ஸ்பாஞ்ச் போன்ற ஒன்றை வைத்து, இரண்டு தையல், அதன் மேல் பஞ்சுத்துணி. ஊசி போட்டதிலிருந்து எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். பிறகு முக்கால் மணி நேரம் கிளினிக்கிலேயே உட்கார வைத்து, பஞ்சை எடுத்துப் பார்த்து, ரத்தம் நின்றதா என்று உறுதி செய்துகொண்டுதான் அனுப்பினார்கள். அப்போது மணி பதினொன்று. சிஸ்டர் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்த்து நான் பார்க்கவில்லை.

இனி குறைகள். பணத்தை முன்கூட்டியே முழுதாகச் சொல்லவில்லை. பார்க்க 300, எக்ஸ்ரே 250, பல் எடுக்க 1,500, தையலும் ஸ்பாஞ்சும் 600 என்று சொல்லியிருந்தார்கள். கடைசியில் பில்லில் ஞாயிறு ராத்திரி என்பதற்காக 500 சேர்ந்து 3,150 ஆகியிருந்தது. அந்த நேரத்தில் செய்த வேலைக்கு அது அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், கையில் அளந்து பணம் கொண்டுவருகிறவர்கள் நிலைமை என்ன? லிஃப்ட் கிடையாது, முட்டி வலியோடு வருகிறவர்களுக்குக் கஷ்டம். அதைவிடப் பெரிய குறை, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கொடுத்த தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. வாயால் தமிழில் அழகாகச் சொன்னார்கள், ஆனால் வலியும் பயமுமாக இருக்கிறவருக்கு அதில் பாதிதான் மனதில் நிற்கும். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அன்றைக்கே நான் ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

அதில் எழுதியது இதுதான். இன்றைக்கு முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, ஏனென்றால் குழியில் உறைந்திருக்கும் ரத்தம்தான் புண்ணுக்கு மூடி, அது கழன்றால் எலும்பு வெளியே தெரிந்து உயிர் போகிற வலி வரும். எச்சிலில் லேசாகச் சிவப்பு கலந்து வந்தால் பயப்பட வேண்டாம். வாய் நிறைய ரத்தம் ஊறினால் சுத்தமான பஞ்சுத்துணியை மடித்து வைத்து அரை மணி நேரம் விடாமல் கடிக்க வேண்டும், அப்படியும் நிற்காவிட்டால் டாக்டருக்குப் போன். சூடான காபி வேண்டாம், ஆறிய கஞ்சி, தயிர் சாதம், இட்லியைப் பாலில் பிசைந்து கொடுக்கலாம். உதடு மரத்திருக்கும்வரை மெல்லக் கூடாது, தெரியாமல் கடித்துவிடுவார். கன்னத்தில் வெளியே துணியில் சுற்றிய ஐஸ், பத்து நிமிடம் வைத்துப் பத்து நிமிடம் விட வேண்டும். வெந்நீர் ஒத்தடமும் மஞ்சள் பற்றும் வேண்டாம் (பாட்டி கொஞ்சம் கோபித்துக்கொண்டார்). இரண்டு தலையணை வைத்துப் படுக்க வேண்டும். மறுநாளிலிருந்து சாப்பிட்ட பிறகெல்லாம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், வேகமாகக் கொப்பளிக்காமல் வாயில் வைத்துச் சாய்த்து விட வேண்டும். வெற்றிலை பாக்கு, புகையிலை கிட்டவே வரக் கூடாது. ஆன்டிபயாடிக்கைக் கொடுத்த நாள் கணக்குப்படி முடிக்க வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் வலியும் வீக்கமும் இருக்கும், அப்புறம் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வர வேண்டும். குறைந்து வந்த வலி மூன்றாவது நான்காவது நாளில் திடீரென்று ஏறி, காது வரை இழுத்து, வாய் நாற்றமும் சேர்ந்தால் அந்த மூடி கழன்றுவிட்டது என்று அர்த்தம், திரும்பப் போய் மருந்து வைக்க வேண்டும். அப்பாவுக்கு அப்படி ஆகவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டாக்டரம்மாவே போன் செய்து ரத்தம், காய்ச்சல், சர்க்கரை மூன்றையும் கேட்டார். இந்தப் போனை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

பணம் கட்ட முடியாதவர்களுக்கு ஒன்று. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் 1953-இல் ஆரம்பித்த அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

ஏழாம் நாள் தையல் பிரிக்கப் போனோம், அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை. சர்க்கரை 148-க்கு இறங்கியிருந்தது. பல் இல்லாத இடத்துக்குப் பிரிட்ஜா (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) இம்பிளான்டா (எலும்பில் திருகிப் பொருத்தும் பல்) என்பதை எலும்பு ஆறட்டும், மூன்று மாதம் கழித்துப் பேசலாம் என்றார், எதையும் விற்கப் பார்க்கவில்லை. தாளைத் தமிழில் அச்சடிக்கச் சொல்லி நான் எழுதி ஒட்டியதன் நகலைக் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிப் படித்துப் பார்த்தவர், "உப்பு எவ்வளவுன்னு எழுதலையே" என்று பேனாவை எடுத்து, ஒரு டம்ளருக்கு அரை ஸ்பூன் என்று அவர் கையாலேயே சேர்த்தார்.